கம்ப்யூட்டர் ஆர்வம் உள்ள ஆளுங்களை நீங்கல்லாம் எங்க புடிச்சீங்க?

திண்டுக்கல்_மின்ட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம், ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு பாக்குறேன். படிச்சது பி.காம், ஆனா கம்ப்யூட்டர்னா சின்ன வயசுல இருந்தே உயிரு. போன வாரம் அண்ணனோட பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன், முன்னாடி ஆன் பண்ணிட்டு டீ போட்டு குடிச்சுட்டு வரலாம், இப்ப உக்கார்றதுக்குள்ள ஸ்க்ரீன் வந்துடுது, அந்த சந்தோஷத்தை சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. வீட்ல சொன்னா "நல்லதும்மா, சாப்பிட வா"ங்கறாங்க. ஃப்ரெண்ட்ஸுக்கு இதுல இஷ்டம் கிடையாது. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட இதை வெச்சு எப்படி பழகுறது? நான் ஐடி ஆள் இல்ல, கோடிங்கும் பெருசா வராது, அதான் தயக்கமா இருக்கு.

பழைய_மதர்போர்டு:
எனக்கு எல்லாரும் கிடைச்சது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லதான். மவுண்ட் ரோடுக்கு பின்னாடி இருக்கிற அந்த தெரு ஒரு காலத்துல ரேடியோ பார்ட்ஸ் விக்கிற இடம், அப்புறம்தான் கம்ப்யூட்டர் கடைங்க வந்துச்சு. ரேம் வாங்க நின்னுட்டு இருந்தேன், கடைக்காரர் பிஸி, பக்கத்துல நின்னவர் "எந்த போர்டு தம்பி?"ன்னு கேட்டார். டிடிஆர், டிடிஆர் டூன்னு ரெண்டு வகை ரேமையும் கவுன்ட்டர் மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு, பாரு நடுவுல இருக்கிற வெட்டு ரெண்டுலயும் ஒரே இடத்துல இல்ல, மாத்தி மாட்டவே முடியாதுன்னு விரலை வெச்சு காட்டினார். அங்க ஆரம்பிச்ச பேச்சு டீக்கடை வரைக்கும் போச்சு. அவர்தான் என்னை சென்னை லினக்ஸ் யூசர் குரூப்புக்கு கூட்டிட்டு போனார், அப்ப மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸ்ல கூடுவாங்க. யார் எங்க வேலை பாக்குறாங்க, என்ன சம்பளம்னு அங்க யாரும் கேட்டதே இல்ல, "நீங்க என்ன டிஸ்ட்ரோ ஓட்டுறீங்க", அதாவது லினக்ஸ்ல எந்த வகைங்கறதுதான் முதல் கேள்வி. அவர் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறினது நான்தான்.

யாழ்_டொரோண்டோ:
தங்கச்சி, கோடிங் தெரியாட்டிப் பரவாயில்லை. 1998 பொங்கலண்டு சுவிஸில இருந்த கல்யாணசுந்தரம் ஐயா மதுரைத் திட்டத்தைத் தொடங்கினவர், பழைய தமிழ் நூல்களை இலவசமா இணையத்தில போடுறதுக்கு. வேற வேற நாட்டில இருந்த ஆக்கள் வேலையால வந்து இரவில இருந்து தட்டச்சு செய்தவை, கனபேர் ஒராளை ஒராள் கண்டதே இல்லை. அந்த நேரம் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு, ஒராள் அனுப்பினதை மற்ற ஆள் திறந்தா ஒண்டும் வாசிக்கேலாது. அதுக்காகத்தான் திஸ்கி எண்டு ஒரு பொதுக் குறியீட்டை மின்னஞ்சலிலயே கதைச்சு, சண்டையும் பிடிச்சு உருவாக்கினவை. பிறகு எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு வந்திட்டுது. 2005ல எங்கட ஆக்கள் தொடங்கின, ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்க்கிற நூலகம் தளமும் இப்பிடித்தான் வளர்ந்தது. ஊரைவிட்டு வந்து தனிச்சுப்போய் இருந்த எனக்கு ஸ்கேன் பண்ணின பக்கங்களைப் பற்றிக் கதைக்க ஆக்கள் கிடைச்சது எவ்வளவு பெரிய ஆறுதல் எண்டு சொல்லி விளங்கப்படுத்தேலாது.

மஞ்சள்_பக்கம்:
மேல அண்ணா சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன்மா. தமிழ் விக்கிமூலம் போய் பாரு, விக்கிபீடியா மாதிரியே எல்லாரும் சேந்து நடத்துற இலவச நூலகம் அது. ஸ்கேன் பண்ணின புத்தகத்தை கம்ப்யூட்டரே எழுத்தா மாத்தி வெச்சிருக்கும், நாம படத்தைப் பாத்து திருத்தணும். ஒருத்தர் திருத்தினா அந்த பக்கம் மஞ்சள் ஆகும், இன்னொருத்தர் மறுபடி பாத்து சரின்னாதான் பச்சை. நான் மஞ்சளாக்கினதை நானே பச்சையாக்க முடியாது, அதனால கண்டிப்பா இன்னொரு ஆள் வந்தே ஆகணும். எனக்கு பின்னாடியே ஒருத்தங்க வருவாங்க, துணைக்கால் வர வேண்டிய இடத்துல 'ர' நிக்கிறதை நான் விட்டிருந்தா அதை மட்டும் திருத்திட்டு போவாங்க, ஒரு வார்த்தை பேசினது இல்ல. ரொம்ப நாள் கழிச்சு பேச்சுப் பக்கத்துல "இந்த புத்தகம் முடிஞ்சா அடுத்தது எது?"ன்னு எழுதினாங்க. இப்ப எங்க வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் வர்றாங்க.

ஆளுங்களை நேரா பாக்கணும்னா விழுப்புரத்துல க்னு லினக்ஸ் குரூப் இருக்கு, காஞ்சிபுரம் லினக்ஸ் குரூப் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல தமிழ்லயே பேசுவாங்க, திண்டுக்கல்ல இருந்தே சேரலாம். நம்பரை மட்டும் எடுத்தவுடனே யாருக்கும் குடுக்காத, பேச்சு பொது இடத்துலயே இருக்கட்டும், முதல் தடவை நேர்ல போறப்ப துணைக்கு யாரையாவது கூட்டிட்டு போ.

386_ரசிகன்:
எல்லாரும் எங்கன்னு சொல்லிட்டீங்க, எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் கேட்டிருக்காங்களே. லினக்ஸை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25ம் தேதி, மினிக்ஸ்ங்கிற வேற ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட்டுற ஆளுங்களுக்கு இணையக் குழுவுல எழுதினார், அப்ப ஹெல்சின்கியில படிச்சுட்டு இருந்த 21 வயசுப் பையன். 386 ப்ராசஸர் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இலவசமா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பண்றேன், சும்மா ஹாபிதான், மினிக்ஸ்ல உங்களுக்கு எது புடிக்கும் எது புடிக்காதுன்னு சொல்லுங்கன்னு கேட்டார். அவ்ளோதான். பழகலாம் வாங்கன்னு எழுதியிருந்தா யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. குரூப்ல சேந்து மாசக்கணக்கா சும்மா படிச்சுட்டு இருக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்லைங்க, கையில ஓடுற வேலையை காட்டி, மாட்டிக்கிட்ட இடத்தை சொல்லுங்க, ஆளுங்க தானா வருவாங்க.

திண்டுக்கல்_மின்ட்:
இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, விக்கிமூலத்துல கணக்கு ஆரம்பிச்சுட்டேன், எந்த புத்தகம் எடுக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் மின்ட் போட்டதுல இருந்து வைஃபை லிஸ்ட்ல எதுவுமே காட்ட மாட்டேங்குது, இதை ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கேக்கலாமா இல்ல ரொம்ப சின்ன விஷயமா?

பழைய_மதர்போர்டு:
ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கும்மா, இங்கயே பாத்துடலாம். டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கிற விண்டோவுல, எல்எஸ்பிசிஐ (lspci) அடிச்சு நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற வரியை அப்படியே இங்க ஒட்டு. பிராட்காம்னு இருந்தா பெரும்பாலும் டிரைவர்தான் பிரச்சனை, மொபைலை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, மொபைல் நெட்டை லேப்டாப்புக்கு குடுக்கிற டெதரிங் ஆன் பண்ணினா நெட் வந்துடும், அப்புறம் டிரைவர் மேனேஜரை திறந்து அது காட்டுற டிரைவரை செலக்ட் பண்ணி ரீஸ்டார்ட் குடு. வேற பேர் வந்தா அதையும் சொல்லு, ராத்திரி பத்து மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.