ஒன்றாம் வகுப்புக்குப் படப் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது?

கண்மாய்க்கரை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பேரையூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். எங்க பள்ளியில் படிச்ச ஒருத்தர் இப்போ திருப்பூரில் இருக்கார். பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கன்னு ஐயாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கார். பாடப் புத்தகம் மாதிரி இல்லாம, நல்ல படப் புத்தகமா வாங்கணும்னு ஆசை.

பிரச்சினை என்னன்னா, இருக்கிற ஒண்ணு ரெண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்தா, விசிறி மாதிரி பக்கத்தைப் புரட்டிட்டு "முடிச்சிட்டேன் டீச்சர்"னு திருப்பிக் கொடுத்திடுறாங்க. பாதிப் பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரலை. தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனா "கிழிஞ்சா யாரு பதில் சொல்றது, பீரோவுல வைங்க"ங்கிறார். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம்னா, நிறைய அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போறவங்க, சில பேருக்குப் படிக்கத் தெரியாது.

எந்த மாதிரிப் புத்தகம், எத்தனை, அதை வெச்சு வகுப்பில் என்ன செய்யறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கோவை அப்பா:

டீச்சர், காசை எடுக்கும் முன்னாடி ஸ்டோரிவீவர் தளத்தை ஒருதடவை பாருங்க. பெங்களூரு பிரதம் புக்ஸ்காரங்க 2015-ல் ஆரம்பிச்சது. தமிழ்க் கதைகள் நிறைய இருக்கு, எல்லாம் இலவசம். உரிமமும் திறந்த உரிமம், இறக்கி அச்சடிக்கலாம், யாரும் கேள்வி கேட்கப் போறதில்லை. நாலு நிலையாப் பிரிச்சிருப்பாங்க. உங்க பிள்ளைகளுக்கு முதல் நிலை சரியா இருக்கும்: பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் படம்.

ஆனா ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துடாதீங்க. படம் சேறு பூசின மாதிரி ஆயிடும், பிள்ளைங்க தொடக்கூட மாட்டாங்க. கலரில் எடுத்தா, அச்சான புத்தகத்தையே வாங்குற விலை வந்துடும். அதனால் எது பிடிக்குதுன்னு தளத்தில் போட்டுக் காட்டிப் பார்த்துட்டு, பிடிச்சதை மட்டும் அச்சுப் புத்தகமா வாங்குங்க.

இன்னொண்ணு. 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தரும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு ரெண்டரை வயசுப் பிள்ளைகளோட பெற்றோர்தான் அதில் பங்கெடுத்தவங்க. ஒரு பகுதியினருக்கு, புத்தகத்தைச் சும்மா வாசிக்காம பிள்ளையைப் பேசவிட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. "இது என்ன? அவன் ஏன் அழறான்?"னு கேட்கிறது, பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்றது, அவ்வளவுதான். இன்னொரு பகுதியினர் எப்பவும் போல வாசிச்சாங்க. ஒரே மாசம். பேச்சுத்திறன் சோதனையில் முதல் குழுப் பிள்ளைங்க ஆறு மாசத்துக்கும் மேல முன்னே இருந்தாங்க. என் மகள்கிட்ட நான் இதைத்தான் செய்றேன். இப்போ என்னைப் பக்கம் திருப்பவே விடமாட்டேங்கிறா, ஒவ்வொரு பக்கத்துக்கும் அவளுக்கு ஒரு கேள்வி இருக்கு.


திருமங்கலம் வாத்தியாரம்மா:

டீச்சர், நான் ஓய்வு பெற்றவ. வேலை பார்த்த காலம் முழுக்க சின்ன வகுப்புதான். இப்போ சனிக்கிழமை சனிக்கிழமை எங்க தெருப் பிள்ளைகளை உட்காரவெச்சு வாசிக்கிறேன். நீங்க கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்தப் பீரோவைத் திறங்க. 2022-ல் சின்ன வகுப்புகளுக்கான அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ, வகுப்பில் வாசிப்புக்களம்னு புத்தகத்துக்கு ஒரு மூலை அமைக்கச் சொன்னாங்க. அப்புறம் பள்ளிக் கல்வித் துறையோட வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்துச்சு. இதில் எது உங்க பள்ளிக்கு வந்திருக்கு, எது கட்டுப் பிரிக்காமலே கிடக்குன்னு பாருங்க. பக்கத்துப் பள்ளியிலும் வட்டார வள மையத்திலும் விசாரிங்க. இருக்கிறதையே திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இப்போ வாங்குற விஷயம். கடையில் புத்தகத்தை எடுத்ததும், எழுத்து இருக்கிற இடத்தை உள்ளங்கையால் மூடிட்டுப் படத்தை மட்டும் பாருங்க. ஒரு கதை கிடைக்குதா? கையை எடுத்து வாசிச்சா, எழுத்து வேற ஏதாச்சும் சொல்லுதா? ரெண்டுக்கும் ஆமான்னா வாங்குங்க. "ராமு மரத்தில் ஏறினான்"னு எழுதியிருக்கு, படத்திலும் ராமு மரத்தில் ஏறுறான், வேற ஒண்ணுமே இல்லைன்னா வெச்சுட்டு வந்துடுங்க. அந்தப் படத்தில் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. உங்க பிள்ளைங்க விசிறி மாதிரி புரட்டுறாங்கன்னு சொன்னீங்களே, பெரும்பாலும் இதுதான் காரணம்.

எங்க தெருவில் நடந்ததைச் சொல்றேன். ஒரு புத்தகத்தில் ரெண்டு பக்கத்துக்கு விரிஞ்ச ரயில்வே பிளாட்பாரம். எழுத்து ஒரே ஒரு வரி, ரயில் வந்துடுச்சுன்னு. நான் வாசிச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் போனேன். வாயே திறக்காத ஒரு பொண்ணு எழுந்து வந்து படத்து மேல விரல் வெச்சா. கூட்டத்துக்கு நடுவுல ஓடுற ஆளோட ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொரு செருப்பு எங்கன்னு எல்லாரும் மேல விழுந்து தேட ஆரம்பிச்சாங்க. தண்டவாளத்தில் இல்லை, பெஞ்சுக்கு அடியில் இல்லை. கடைசியில் மூணு பக்கம் முன்னாடி, ஆட்டோ படியில் அது மாட்டிக்கிட்டு இருக்கிறதை ஒருத்தன் கண்டுபிடிச்சான். அந்தச் செருப்பைப் பத்தி எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. படம் போட்டவர் பிள்ளைகளுக்குன்னே ஒளிச்சு வெச்சது அது. அன்னைக்கு அந்தப் பொண்ணு பேசினது மாதிரி அதுக்கு முன்னாடி அவ பேசி நான் கேட்டதில்லை.

பக்கம் திருப்புற இடத்தையும் கவனிங்க. கெட்டிக்கார எழுத்தாளர் வலப்பக்கக் கடைசியில் கதையைத் தொங்கவிட்டிருப்பார். கதவு பாதி திறந்திருக்கும், உள்ளே என்னன்னு தெரியாது. அந்த இடத்தில் நீங்க திருப்பாதீங்க. புத்தகத்தை நெஞ்சோட வெச்சுக்கிட்டு "உள்ள என்ன இருக்கும்?"னு கேளுங்க. எல்லாரும் சொல்லி முடிக்கட்டும். நேரம் போனா போகுது.

எழுத்தளவு முக்கியம், இதை யாரும் பார்க்கிறதில்லை. பல மொழியில் வர்ற புத்தகங்களில் கலர்ப் படத்தை எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே தடவையா அடிச்சுட்டு, கறுப்பு மையில் வர்ற எழுத்துத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாத்துற வழக்கம் உண்டு. அச்சுச் செலவு குறையும், அதனால்தான் தமிழில் நமக்கு மலிவாக் கிடைக்குது, அதுக்கு நான் நன்றி சொல்லுவேன். ஆனா இங்கிலீஷுக்குன்னு விட்ட இடத்தில் தமிழ் வாக்கியம் அடங்காது. எழுத்தைச் சுருக்கி நெருக்கி அடைச்சிருப்பாங்க. ஒண்ணாப்புக்கு அப்படி இருக்கக் கூடாது. கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிச்சா உங்களுக்கே வாசிக்க வருதான்னு பாருங்க. கரும்பச்சை, கருநீலப் படத்து மேல கறுப்பு எழுத்து ஓடுற பக்கம் இருந்தாலும் வேண்டாம்.

எங்க வாங்கலாம்? பிரதம் புக்ஸும் நேஷனல் புக் டிரஸ்ட்டும்தான் உங்க காசுக்குக் கட்டுப்படியாகும். டிரஸ்ட்டோட நேரு பால புஸ்தகாலய வரிசையில் பழைய படங்கள் சிலது இன்னைக்கும் அவ்வளவு அழகு. சென்னை தூலிகா 1996-லேர்ந்து போடுறாங்க. இங்கிலீஷும் தமிழும் ஒரே பக்கத்தில் வர்ற இருமொழிப் புத்தகங்கள் அவங்ககிட்ட உண்டு, விலை கொஞ்சம் கூட, ஆனா ஓவியத் தரம் உசத்தி. நாலஞ்சு புத்தகமாவது வாங்குங்க. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன்ல சின்னச் சின்னதா மலிவா கிடைக்கும், படத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுங்க. தாரா புக்ஸ் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கட்டுற புத்தகங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனா அது உங்க தொகைக்கும் ஒண்ணாப்புப் பிள்ளைங்க கைக்கும் ஏத்தது இல்லை. மதுரைப் புத்தகத் திருவிழா தமுக்கத்தில் போடும்போது போனா எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தே வாங்கலாம், பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. கடைசிப் பக்கத்தில் "நீதி"ன்னு போட்டுக் கட்டம் கட்டியிருக்கிற புத்தகம் எதையும் எடுக்காதீங்க. கதையைக் கேட்டுட்டுப் பிள்ளை என்ன நினைக்கணும்னு பிள்ளைதான் முடிவு பண்ணணும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வராது.

எத்தனை? ஐயாயிரத்துக்கும் வேற வேற தலைப்பா வாங்காதீங்க. பாதித் தொகைக்குக் கொஞ்சம் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணிலும் அஞ்சாறு பிரதி வாங்குங்க. நீங்க முன்னால நின்னு காட்டுற அதே படம் ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு கையில் இருந்தா, அப்போ நடக்கிற பேச்சே வேற. மிச்சப் பாதிக்கு விதவிதமா வாங்கிக்கலாம்.

வகுப்பில் முதல் நாள் வாசிக்கவே வேண்டாம். அட்டையை மட்டும் காட்டுங்க, பேசவிடுங்க. மறுநாள் படங்களை மட்டும் வரிசையாப் பார்க்கட்டும். அப்புறம் வாசிங்க, நீங்க பேசுற பேச்சில் வாசிங்க. நாலு தடவை வாசிச்ச பிறகு அச்சில் உள்ளபடி வாசிச்சா போதும், அதுக்குள்ள கதை மனப்பாடம் ஆகியிருக்கும், எழுத்து தானா ஒட்டிக்கும். ஒரு வாரம் முழுக்க ஒரே புத்தகம் வாசிச்சா பிள்ளைகளுக்குச் சலிக்காது. நமக்குத்தான் சலிக்கும்.


கிளைநூலகம்:

வாத்தியாரம்மா சொன்னதில் ஒண்ணே ஒண்ணு எனக்கு ஒப்புதல் இல்லை. அஞ்சாறு பிரதி வாங்கினா இருக்கிற சொற்பத் தலைப்பும் குறையும். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைங்க பார்க்கப் போறது அது மட்டும்தான். நான் நூலகத்தில் பார்க்கிறேன், ஒருத்தனுக்கு லாரி படம்னா உயிர், ஒருத்திக்குப் பாம்பு. அவனவனுக்குப் பிடிச்ச ஒண்ணு இருக்கணும்னா விதவிதமா இருக்கணும். கூட்டா உட்கார்ந்து பார்க்கிறதுக்குக் கோவை அப்பா சொன்ன தளத்திலிருந்து படத்தைப் பெரிய திரையில் காட்டிக்கலாமே.

மதுரை புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கு டீச்சர். வாங்கும் முன்னாடி ஒருநாள் போய் உட்கார்ந்து புரட்டிப் பாருங்க. எது உங்க பிள்ளைகளுக்கு ஆகும்னு குறிச்சுக்கிட்டு வந்து வாங்கினா காசு வீணாகாது. முடிஞ்சா பிள்ளைகளையே கூட்டிட்டுப் போங்க.


கண்மாய்க்கரை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பீரோவைத் திறந்து பார்த்தேன், நுழை புத்தகம் ஒரு கட்டு அப்படியே இருந்துச்சு. கூடவே நேஷனல் புக் டிரஸ்ட் பழைய புத்தகம் சிலதும். இன்னைக்கே ஒண்ணை எடுத்து எழுத்தை மூடிக்காட்டினேன், மதியச் சாப்பாட்டு மணி அடிச்சும் எழுந்திரிக்கலை.

வாத்தியாரம்மா, வீட்டுக்கு அனுப்புறதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே? அப்புறம் கிழியற விஷயம், அதுக்குச் சாருக்கு நான் ஒரு பதில் சொல்லணும். இருக்கிற பழைய புத்தகத்திலேயே பாதிக்கு நடு பின் கழண்டுதான் கிடக்கு.


திருமங்கலம் வாத்தியாரம்மா:

கிளைநூலகம் சொல்றதிலும் நியாயம் இருக்கு டீச்சர். உங்க பள்ளியில் ஸ்மார்ட் டி.வி. வேலை செஞ்சா அவர் வழியையே எடுத்துக்கோங்க. ஆனா படத்தில் விரல் வெச்சுத் தேடுறது திரையில் வராது, அதனால் ரெண்டு தலைப்பிலாவது பிரதி கூடுதலா இருக்கட்டும்.

வீட்டுக்குத் தாராளமா அனுப்புங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியலைன்னா அது நல்லதுக்குத்தான், அங்கே பிள்ளைதான் கதை சொல்லும். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் வருது, வீட்டுக்குன்னே அதில் சிலது வாங்குங்க. அம்மாகிட்ட "படிச்சுக் காட்டுங்க"ன்னு சொல்லாதீங்க, அவங்க கூச்சப்படுவாங்க. "உம் மகன் ஒரு கதை வெச்சிருக்கான், ராத்திரி சோறு போடும்போது கேளுங்க"ன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கள் வாங்கிக்கலாம். பாத்திரத்துக்கு அடியில் போகாம இருக்க ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுங்க.

தலைமையாசிரியர்கிட்ட, இருப்புப் பதிவேட்டில் ஏத்திட்டு, வகுப்பு உபயோகத்துக்குன்னு தனி வழங்கல் நோட்டு ஒண்ணு போட்டு அவர் கையெழுத்து வாங்கிடுங்க. எது யார்கிட்ட இருக்குன்னு எழுத்தில் இருந்தா அவருக்கும் நிம்மதி. வகுப்பில் பிள்ளைங்க கண் உயரத்துக்கு ஒரு நைலான் கயிறு கட்டி, விரிச்ச புத்தகத்தை அட்டை தெரியத் தொங்கவிடுங்க. கயிறு சன்னலை ஒட்டி வேண்டாம், சாரல் அடிக்கும்.

பின் கழண்டதுக்கு ஸ்டேப்ளர் அடிக்காதீங்க, துருப்பிடிச்சுப் பக்கத்தைத் தின்னுடும். பழைய பின்னை நிமிர்த்தி எடுத்துட்டு, தாளையெல்லாம் வரிசையா அடுக்கி நடு மடிப்பைத் திறந்து வெச்சுக்கோங்க. மடிப்பில் மூணு ஓட்டை போடுங்க: நட்டநடுவில் ஒண்ணு, மேலேயும் கீழேயும் ஒவ்வொண்ணு. கெட்டி நூலை மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்து, பெரிய ஊசியில் கோத்துக்கோங்க. உள்பக்கமிருந்து நடு ஓட்டை வழியா வெளியே வாங்க, ஒரு விரல் நீளம் நூலை உள்ளேயே விட்டுடுங்க. வெளிப்பக்கமாவே மேலே போய், மேல் ஓட்டையில் உள்ளே நுழைங்க. உள்பக்கமாவே நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே வாங்க. மறுபடி நடு ஓட்டையில் உள்ளே வந்தா, நூலோட ரெண்டு நுனியும் உள்ளே இருக்கும். மேலிருந்து கீழே போற நீள நூல் ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி வெச்சு இறுக்கி முடிச்சுப் போட்டு நறுக்கிடுங்க. அட்டையின் முதுகுக்கு மட்டும் ஒரு துணி டேப் ஒட்டினா போதும், உள் தாளுக்கு செலோடேப் வேண்டாம், மஞ்சளாகி உடையும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க கூட நூலைப் பிடிச்சுக் கொடுப்பாங்க, ஊசி மட்டும் உங்க கையில் இருக்கட்டும்.