பறக்கும் பருந்து மட்டும் ஃபோகஸில் நிற்க மாட்டேன் என்கிறது: மணக்குடிப் பக்கம் படம் எடுப்பவர்கள் உதவுங்கள்

கேள்வி (நாஞ்சில் பறவை):
வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளத்திலும் காலையில் கிருஷ்ணப்பருந்தும், பனிக்காலத்தில் வலசை வரும் விராலடிப்பானும் (மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை) எடுக்கிறேன். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், ஸ்டாண்ட் இல்லை. மரத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு இறகும் தெரிகிறது. பறந்தால், பின்னால் நிற்கும் தென்னை துல்லியமாக விழுகிறது, பறவை கலங்கிவிடுகிறது. வானம் பின்னணி என்றால் வெறும் கறுப்பு உருவம்தான். வெளிச்சம் கூட்டினால் கிருஷ்ணப்பருந்தின் வெள்ளைத் தலை வெளுத்துப்போகிறது. ஷட்டர் 1/1000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. லென்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

பதில் (தேரூர் குளத்தங்கரை):
தம்பி, லென்ஸ் போதும், காசை வீணாக்க வேண்டாம். நிதானமாக வட்டமடிக்கும் பருந்துக்கு 1/1000 ஓரளவு தாங்கும். விராலடிப்பான் காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் பாயும்போது தாங்காது, 1/2500 வையுங்கள். ஐஎஸ்ஓ 1000, 1600 என்று ஏறினால் ஏறட்டும். படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தால் அப்புறம் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய பறவைக் கண்ணை எதுவும் செய்ய முடியாது.

தென்னை பின்னால் இருக்கும்போது பெரிய ஃபோகஸ் பகுதி வேண்டாம், நடுவில் ஃபோகஸ் புள்ளிகளின் சிறு தொகுதி போதும். வெறும் வானம் என்றால் பெரிதாக்குங்கள். லென்ஸின் பக்கவாட்டில் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் கிட்டத் தூரத்தை அடைத்துவிடுங்கள்; ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவது பாதி நின்றுவிடும். பறவை வருவதற்கு முன்பே அதே தூரத்தில் உள்ள ஏதாவது ஒரு கம்பத்தில் ஃபோகஸ் பிடித்து வைப்பதும் நல்லது.

வெளிச்சத்தை மேனுவலில் பூட்டுங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓவும் வேண்டாம். தானாக விட்டால், பின்னணியில் வானம் வந்தால் கேமரா இருட்டாக்கும், தென்னை வந்தால் வெளுக்க வைக்கும். பறவைமேல் விழும் வெயில் என்னவோ ஒன்றுதான். வெள்ளைத் தலை வெளுக்காத அளவுக்கு வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். சிறகின் அடிப்பக்கத்துக்கு உப்பளமே உதவும். உப்புப் பாத்திமேல் தாழப் பறக்கும்போது கீழிருந்து வெளிச்சம் அடித்து, அக்குளின் செம்மண் நிறம்கூடத் தெரியும்.

பதில் (கச்சான் காற்று):
அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நிற்கிற இடம் தப்பினால் எந்த செட்டிங்கும் உதவாது. பருந்து காற்றை எதிர்த்துத்தான் மிதக்கும். விராலடிப்பான் மீன் பார்த்து ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான். அதனால் காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படவேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் வாடை (வடகிழக்குக் காற்று) வீசும். காலையில் காயலின் கிழக்கே உள்ள கீழமணக்குடிக் கரையில் மேற்கே பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் இருக்கும், பறவையின் முகம் ஏறக்குறைய உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஜூன் முதல் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது அதே இடத்தில் நின்றால் வாலைத்தான் எடுப்பீர்கள். அந்த மாதங்களில் சாயங்காலம் மேற்குக் கரையில் உள்ள மேலமணக்குடிப் பக்கம் போய் கிழக்கே பாருங்கள்.

நாஞ்சில் பறவை:
காற்றை நான் யோசிக்கவே இல்லை, ரொம்ப நன்றி அண்ணே. இன்னொன்று: சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கழிவை எறிந்தால் பருந்து கிட்டே வரும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில் (கச்சான் காற்று):
வேண்டாம் தம்பி. எறிகிற குடலில் தூண்டில் முள்ளும் தூண்டில் நரம்பும் கிடக்கும். அதை விழுங்கியோ காலில் சுற்றியோ பருந்து சாகும். படகு கரைசேரும் நேரத்தில் அவை தாமாகவே வந்து சுற்றும், ஓரமாக நின்று எடுங்கள். கூடு இருக்கும் மரத்தடிக்கும் போக வேண்டாம்.

பதில் (தேரூர் குளத்தங்கரை):
இன்னொன்றும் உண்டு. வெயில் ஏறியபின் உப்பளத்தில் தரையிலிருந்து கானல் (சூட்டில் அலையும் காற்று) கிளம்பும். அப்போது 600 மி.மீ.-இல் தூரத்துப் பறவையை எடுத்தால் எந்த ஷட்டரிலும் கலங்கித்தான் விழும். ஃபோகஸைக் குறை சொல்லாமல், கிட்டே வருவதை மட்டும் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.