பெட்ராவின் 'சீக்' – 'மலைவிடர்' எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ஜோர்தானின் பழம்பெரும் நகரமான பெட்ராவுக்கு நுழைவழியாக உள்ள 'சீக்' என்ற ஒடுங்கிய மலைப்பிளவைத் தமிழில் 'மலைவிடர்' எனலாம் என்பது என் கருத்து. இதையொட்டி எழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> 'குறுகிய பள்ளத்தாக்கு' என்றாலே விளங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

விளங்குவது போலத் தோன்றும், ஆனால் தவறாக விளங்கும். பள்ளத்தாக்கு என்றதும் ஆறு அறுத்த நிலம்தான் நம் மனத்தில் எழுகிறது. ஜோர்தானில் பெட்ராவுக்குள் இட்டுச் செல்லும் சீக் அப்படிப் பிறந்ததில்லை. நிலத்தட்டு அசைவில் மணற்கல் மலை இரண்டாகப் பிளந்ததால் உண்டான வெடிப்பு அது. வெள்ளம் பின்னால் வந்து விளிம்புகளை மழுக்கியது, அவ்வளவே. உள்ளே நடக்கும்போது இருபக்கச் சுவர்களையும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு சுவரில் உள்ள செந்நிற வரிகள் எதிர்ச்சுவரிலும் தொடர்வதைச் சில இடங்களில் காணலாம், உடைந்த ஓட்டின் இரு துண்டுகளைப் போல. ஆகவே பிளவு என்ற பொருள் சொல்லிலேயே இருக்க வேண்டும்.

அதற்கு 'விடர்' நம்மிடம் இருக்கிறது. மலைப்பிளவு, நிலவெடிப்பு என்று அகராதிகள் பொருள் தருகின்றன. விடரகம், விடர்முகை என்று சங்கப் பாடல்களில் வருகிறது. இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு 'குறுகிய', 'ஆழமான' என்று அடைமொழிகளை அடுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

> விடர் என்றால் காமுகர் என்றும் பொருளுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள்.

நியாயமான தடை. அதனால்தான் தனிச்சொல்லாக விடாமல் 'மலைவிடர்' என்கிறேன். முன்பு ஒருவர் சொன்ன 'கல்விடர்' இலக்கணப்படி சரி, ஆனால் அச்சில் கண் முதலில் 'கல்வி' என்றுதான் படிக்கும்.

வெள்ளநீரே அறுத்த ஒடுங்கிய பிளவுகளுக்கு, எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள ஆன்டிலோப் கேன்யன் போன்றவற்றுக்கு, 'நீரிடுக்கு' என்று தனிச்சொல் வைக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் உருவான விதம் மறைந்துவிடும்.

சீக்கை மனிதர் நடக்கும் வழியாகச் சொல்லும்போது 'மலைவிடர்ப் பாதை'. இந்தப் 'பாதை' சும்மா ஒட்டிய சொல்லன்று. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 3 மீட்டரே அகலம். மழைக்காலத்தில் வாதி மூசா என்ற காட்டாற்றின் வெள்ளம் பாய்ந்தால் உள்ளே நிற்பவருக்குத் தப்ப இடமில்லை. பெட்ராவை உருவாக்கிய பழங்கால அரபு மக்களான நபாத்தியர்கள் வாயிலில் அணை கட்டி, பாறையில் சுரங்கம் குடைந்து வெள்ளத்தைத் திருப்பிவிட்ட பிறகுதான் அது நம்பி நடக்கக்கூடிய வழியானது. ஒருபக்கச் சுவரில் வெட்டிய கால்வாயிலும் மறுபக்கத்தில் பதித்த சுடுமண் குழாயிலும் குடிநீரை நகருக்குக் கொண்டுபோனார்கள். 1963-இல் வெள்ளம் உள்ளே புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகு பழைய இடத்திலேயே அணையை மீண்டும் கட்டினார்கள்.

வணிகக் கூட்டம் இந்த வழியே வந்ததை நபாத்தியர்களே சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டகங்களின் மேலுடல் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. கால்களும், முன்னே நடத்திச் செல்பவரின் பாதங்களும், ஆடையின் கீழ்மடிப்பும் மிஞ்சியிருக்கின்றன. கால்வாயை ஒட்டி நின்று பார்த்தால் விரல்களைக்கூட அடையாளம் காணலாம் போலத் தோன்றும்.

> பெட்ராவைக் 'குடைவரை நகரம்' எனலாம்.

இதை நான் ஏற்கவில்லை. குடைந்தவற்றில் பெரும்பாலானவை கல்லறைகள். மக்கள் புழங்கிய தெருவும் 'கஸ்ர் அல்-பின்த்' கோயிலும் கல் அடுக்கிக் கட்டியவை. மேலும் 'குடைவரை' உள்ளறையை நினைவூட்டும் சொல். மலைவிடர் முடியும் இடத்தில் நிற்கும் 'கஸ்னே' ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். அதன் வேலைப்பாடு முழுவதும் வெளிமுகத்தில்தான் இருக்கிறது, உள்ளே அணிவேலை இல்லாத அறைகள். எனவே 'பாறைமுகப்புக் கல்லறை' என்பதே அதற்குப் பொருந்தும். 'கஸ்னே' என்ற பெயரைக் 'கருவூலம்' என்று மொழிபெயர்க்கவும் வேண்டாம். உச்சியில் உள்ள கல் தாழியில் புதையல் இருக்கிறது என்ற கதையால் வந்த பெயர் அது. புதையலுக்காக அந்தத் தாழியை உடைக்கச் சுட்ட துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள் அதில் இன்றும் இருக்கின்றன.

'மலைவிடர்', 'நீரிடுக்கு' இரண்டையும் புவியியல் கலைச்சொல் பட்டியலிலும், 'பாறைமுகப்புக் கல்லறை'யைத் தொல்லியல் பட்டியலிலும் சேர்க்க முன்மொழிகிறேன். நிலவியல் கற்பிக்கும் நண்பர்கள் முதல் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்