ராணுவ வீரர்களுக்கு நன்றி சொல்லும் ஆராதனை: யோவான் 15:13ஐ வாசிக்கலாமா?

பாளை_சகோதரி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பட்டாளத்தில் இருந்தவர்களைக் கனப்படுத்தப் போகிறோம். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது ராணுவத்துக்குப் போனவர்கள். சபைப் போதகர் ஐயர் என்னைக் கூப்பிட்டு, தேவனுடைய அன்பையும் வீரர்களுடைய தியாகத்தையும் சேர்த்துப் பத்து நிமிஷம் பேசம்மா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது யோவான் 15:13தான். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." எழுதி வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. இது இயேசு சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவு தம்மைக் குறித்துச் சொன்னது, அதை எடுத்து ஒரு போர்வீரனுக்குப் போடலாமா? இன்னொன்று, முதல் வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கணவர் எல்லையில் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு "தேவன் அன்பாகவே இருக்கிறார், நன்றி சொல்லுவோம்" என்று எப்படிச் சொல்வது? பேசிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாசரேத்_பிள்ளை

தாராளமாக வாசிக்கலாம் சிஸ்டர், எங்கள் சேகரத்துச் சபைகளில் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் அதே வசனம்தான். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவரை மதிக்க இதைவிட நல்ல வசனம் ஏது? அதிகம் யோசிக்க வேண்டாம்.

முன்னாள்_அவில்தார்

தங்கச்சி, யோசிப்பது நல்லதுதான், யோசியுங்கள். நான் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவன், கொஞ்ச காலம் நாகாலாந்தின் கோஹிமாவில் போஸ்டிங். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு ஆகுமா பாருங்கள்.

கோஹிமா ஊருக்கு நடுவிலேயே கேரிசன் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. 1944 ஏப்ரலில் ஜப்பானியப் படை அந்த ஊரை முற்றுகையிட்டபோது சண்டை டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் வரைக்கும் வந்துவிட்டது. மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ், இந்திய வீரர்கள், அந்தப் பக்கம் ஜப்பானியர்கள், குண்டைக் கையால் வீசினால் விழுகிற தூரம். இப்போது அந்த மேடு முழுக்கக் கல்லறை. படிப்படியாக இறங்கும் புல்வெளியில் 1420 பேர் அடக்கம், ஒவ்வொருவர் தலைமாட்டிலும் சின்னக் கல்லில் வெண்கலத் தகடு. சில தகடுகளில் பெயரே கிடையாது, தேவனுக்கு மட்டும் தெரிந்தவர் என்று மட்டும் இருக்கும். மேலே தனியாக ஒரு நினைவுச் சின்னம், அதில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கான பதிவு. டென்னிஸ் மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை போனபோது அந்தக் கோட்டை மிதிக்கத் தோன்றாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஜான் ஹார்மன் என்ற பிரிட்டிஷ் லான்ஸ் கார்ப்பொரல் (நம் ராணுவத்தில் லான்ஸ் நாயக் மாதிரி) விழுந்தார். கூட இருந்தவர்களைக் காப்பாற்ற எதிரியின் பதுங்குகுழியை நோக்கித் தனியாக ஓடினார், திரும்பி வரும் வழியில் சுடப்பட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த நாள் 1944 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. இதைப் படித்தபோது எனக்கு யோவான் 15:13 தானாக வந்தது, அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே ஊரில் அரதுரா மேட்டில் கத்தோலிக்கப் பேராலயம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டுவதற்கு, அந்தச் சண்டையில் செத்துப்போன ஜப்பானிய வீரர்களின் குடும்பத்தாரும் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்குள் போய் நின்றபோதுதான் வித்தியாசம் புரிந்தது. ஹார்மன் தன் ஆட்களுக்காகச் செத்தார். எதிரில் இருந்தவனுக்காகச் சாக எங்களில் யாராலும் முடியாது, அதற்கு எங்களுக்குப் பயிற்சியும் இல்லை. ரோமர் 5இல் பவுல் அதைத்தான் சொல்கிறார், நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் சாகத் துணிவான், கிறிஸ்துவோ நாம் பாவிகளாய், சத்துருக்களாய் இருக்கையிலே மரித்தார் என்று. யோவான் 15ஐ வாசித்தால் ரோமர் 5ஐயும் சேர்த்து வாசியுங்கள். அப்போது வீரனுக்குரிய மரியாதையும் குறையாது, சிலுவையும் சிறுத்துப்போகாது.

தூத்துக்குடி_வாசகி

அண்ணன் சொன்னது மனசில் நின்றது. நான் அந்த முதல் வரிசை அக்காவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் அம்மாவும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பா இறந்துபோனபோது எனக்கு வயது பதினொன்று. வந்தவர்கள் எல்லாம் "கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்" என்றார்கள். எங்களுக்கும் அவர் தேவைப்பட்டாரே என்று அம்மா ராத்திரி என்னிடம் கேட்டார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. தயவுசெய்து அந்த வார்த்தையை மேடையில் சொல்லாதீர்கள். அப்பாவின் மரணத்தைத் தேவனுடைய அன்புக்கு உதாரணமாகக் காட்டவும் வேண்டாம்.

தேவனுடைய அன்பு எங்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? எங்கள் சபையில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார், குடும்ப ஓய்வூதியம், எங்கள் படிப்பு உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அவரே எழுதி, அவரே அம்மாவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், கியூவில் நின்று, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார். எட்டு மாதம். அவர் ஒரு வசனமும் சொன்னதில்லை. அம்மா மறுபடி பாட்டுப் புத்தகத்தைத் திறந்தது அதற்கப்புறம்தான்.

டிசம்பர் 7, படைவீரர்கள் நலனுக்கு நிதி திரட்டும் கொடி நாள், 1949இல் இருந்து நடக்கிறது. உண்டியலில் பத்து ரூபாய் போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக்கொள்வதோடு நிற்காமல், சபையில் யாருக்கு என்ன பேப்பர் வேலை நிற்கிறது என்று கேட்டால் எவ்வளவோ நல்லது.

குருத்தோலை

பிரசங்கத்துக்கு இன்னொரு பகுதி சொல்லட்டுமா? 2 சாமுவேல் 23. தாவீது அதுல்லாம் குகையில் இருக்கிறான், அவன் சொந்த ஊரான பெத்லகேமில் எதிரிகளான பெலிஸ்தரின் தாணையம், அதாவது காவல்படை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் யார் கொண்டுவருவார் என்று ஏக்கத்தில் ஒரு வார்த்தை விட்டுவிடுகிறான். மூன்று பேர் எதிரியின் பாளயத்துக்குள் துணிந்து புகுந்து மொண்டுகொண்டு வந்து நீட்டுகிறார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. இது தங்கள் பிராணனை எண்ணாமல் போனவர்களின் இரத்தம் அல்லவா என்று சொல்லிக் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். தனக்காகப் பட்ட பாட்டை, தான் வாங்கிக்கொள்ளத் தகுதியில்லாத அளவுக்குப் பெரியது என்று மதித்தான். நன்றி என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் அந்த அதிகாரத்தை முடிவு வரைக்கும் வாசியுங்கள். வீரர்களின் பெயர்ப் பட்டியலில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. அதே தாவீது யாரைப் போர்முனையில் முன்னே நிறுத்திச் சாகவிட்டானோ அவன். வேதம் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை. ராணுவத்தைப் புகழ்ந்து பேசும் நாளில், அனுப்பி வைக்கிறவர்களுக்கு இருக்கும் பொறுப்பையும் நினைக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

பாளை_சகோதரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவில்தார் அண்ணன் சொன்னபடி இரண்டு வசனத்தையும் வாசிக்கப் போகிறேன், தாவீது ஊற்றிய தண்ணீரும் உண்டு. தூத்துக்குடி சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் அந்த அக்கா வீட்டுக்கே போனேன். என்ன பேசட்டும் அக்கா என்று நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் கொல்லைப்பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "நீ என்ன வேணும்னாலும் பேசு, பேரை வாசிக்கும்போது மட்டும் லான்ஸ் நாயக்னு சேர்த்து வாசி. அந்தப் பட்டை வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, லீவுல வந்து காட்டுறேன்னு போன்ல சொன்னாங்க" என்றார்கள்.