அரசு மருத்துவமனையில் முதல் பிரசவம்: உள்ளே அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்களா?

வைகைக்கரைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 34 வாரம். வளைகாப்பு முடிந்து பெரியகுளம் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில்தான் காட்டுகிறேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்காரர் தனியாரில் பார்க்கலாம் என்கிறார். கடன் வாங்கிப் பிள்ளை பெற எனக்கு மனசில்லை.

என் பயமெல்லாம் ஒன்றுதான். பெரியம்மா மகளுக்கு வலி வந்தபோது அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்களாம். விடியும்வரை பெரியம்மாவுக்கு அவள் கத்துவது மட்டும்தான் கேட்டிருக்கிறது. இப்போதும் அப்படித்தானா? உள்ளே என்னதான் நடக்கும்? யாரைக் கேட்டாலும் "எல்லாம் தானா நடக்கும், போ" என்கிறார்கள். பெற்றவர்கள் யாராவது மறைக்காமல் சொல்லுங்களேன்.

மல்லிகைக்கொடி:

தங்கச்சி, விடுவார்கள். தைரியமாகக் கேள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்ற முறை 2004லேயே வந்துவிட்டது. 2016ல் மத்திய சுகாதார அமைச்சகமும் நாடு முழுக்க இதை அனுமதித்தது. ஆனால் கூட்டம் அதிகமான நாளில் "வெளியில இரும்மா" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அதனால் வலி வந்த பிறகு வாசலில் நின்று கேட்காமல், இப்போதே பரிசோதனைக்குப் போகும்போது கேட்டு வைத்துவிடு.

எனக்கு இரண்டு விதமும் தெரியும். மூத்தவன் பிறந்தது ஒரு பெரிய மருத்துவமனையில், பேர் வேண்டாம். வீட்டிலேயே பனிக்குடம் உடைந்து 108ல் போனோம். வளையலையும் கொலுசையும் கழற்றி அம்மா கையில் கொடுத்ததோடு சரி, கதவு மூடியாயிற்று. பக்கத்துக் கட்டிலில் கத்தியவளுக்கு விழுந்த திட்டைக் கேட்டு, நான் நைட்டியின் கழுத்தைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். குளுக்கோஸ் பாட்டிலில் வலியைக் கூட்டும் ஊசி மருந்தைப் போட்டு ஏற்றினார்கள். என்ன, எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. வைத்தியத்தில் குறையில்லை, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அந்த ராத்திரி முழுக்க ஒருவர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வெளியே என் அம்மாவிடம் ஆயா ஒருவர் "ஆம்பளப் பிள்ளை" என்று சொல்லிக் காசு கேட்டிருக்கிறார். கொடுத்த பிறகுதான் பேரன் முகத்தைக் காட்டியிருக்கிறார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இளையவளுக்கு எங்கள் தாலுகா மருத்துவமனை. சித்தி உள்ளே வந்தார். அம்மாவை நான்தான் வேண்டாம் என்றேன். நான் முனகினாலே அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அவரை யார் தேற்றுவது? சித்தி மூன்று பெற்றவர், பதறாதவர். ஆரம்பத்தில் என்னை வராந்தாவில் நடக்கவைத்தார். வலி ஏறும்போது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்துகொள்வேன். அவர் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் என் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் முழு பலத்தோடு அழுத்துவார். தேய்க்கவில்லை, அழுத்தினார். அந்த அழுத்தத்தில் வலி பாதியாகத் தெரிந்தது. வலி இறங்கியதும் ஒரு மடக்கு சீரகத் தண்ணீர். "இது போயிருச்சு, இனி இது திரும்ப வராது" என்பார். ஒவ்வொரு வலிக்கும் அதையே சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உள்ளே நடப்பதைக் கேட்டாயே. அரை மணிக்கு ஒருமுறையாவது குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 110லிருந்து 160க்குள் இருந்தால் நல்லது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கைவிட்டு கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பார்கள். அது வலிக்கும், உடம்பை இறுக்காமல் மூச்சை வாயால் மெதுவாக விடு. 10 சென்டிமீட்டர் திறக்க முதல் பிரசவத்தில் அரை நாளுக்கு மேலும் ஆகலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கடைசியில் மலம் முட்டுவது போல இருக்கும். வெட்கப்பட்டு அடக்காதே, உடனே சிஸ்டரைக் கூப்பிடு. தலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவர்கள் சொல்லும்போது முக்கு. குழந்தை வந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க உனக்கு ஒரு ஊசி, அப்புறம் நஞ்சுக்கொடி. தையல் தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் தைப்பார்கள். அதையும் மீறி வலித்தால் வாயைத் திறந்து சொல்.

குழந்தையைத் துடைத்து அப்படியே உன் நெஞ்சின் மேல் போடச் சொல்லிக் கேள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடு.

ஊர்ச் செவிலியர்:

மேலே எழுதிய சகோதரி சொன்னது சரி. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். துணைக்கு வருகிறவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்கட்டும். சளி, காய்ச்சல் இருக்கக்கூடாது, துவைத்த துணியில் வரவேண்டும். ஆள் மாற்றி ஆள் வராமல் கடைசிவரை ஒருவரே இருக்கவேண்டும். கணவரை விடுவார்களா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி மறைப்பு இருக்கிற இடத்தில்தான் அது முடியும்.

காசு விஷயம் எனக்கும் தலைகுனிவுதான். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, அரசு மருத்துவமனையில் மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் 2011லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், 104க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். வீடு திரும்ப 102 வண்டி உண்டு, டிஸ்சார்ஜ் அன்று நீங்களே கேளுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற எண்), ஆதார், பரிசோதனை அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் பிக்மி எண் வேண்டும்.

ஒன்று முக்கியம். ரத்தம் பட்டாலோ, பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்பிவிடுங்கள்.

இரட்டைச்சுழி அம்மா:

எனக்குக் கடைசி நேரத்தில் சிசேரியன் ஆனது. தியேட்டருக்குள் என் அண்ணியை விடவில்லை. முதுகில் ஊசி போட்டதால் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். குழந்தையை முதலில் அண்ணியிடம்தான் கொடுத்தார்கள். சேனை தொட்டு வைக்கிறேன், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று வந்த பெரியவர்களை அவர்தான் தடுத்து நிறுத்தினார். உங்களோடு வருகிறவரிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தையல் வலியோடு நம்மால் அப்போது யாரிடமும் மல்லுக்கட்ட முடியாது.

வைகைக்கரைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன், ஆனால் இப்போது தெம்பாக இருக்கிறது. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி முழுக்க நிற்க முடியாது. மாமியார் "நான் வர்றேன்" என்கிறார். நல்லவர்தான், ஆனால் அவர் முன்னால் அந்தக் கோலத்தில் இருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மல்லிகைக்கொடி:

வலி ஏறிவிட்டால் கூச்சமெல்லாம் ஞாபகத்துக்கே வராது தங்கச்சி. ஆனாலும் மனசு ஒப்பாத ஆளைக் கூட வைத்துக்கொள்ளாதே. இப்போதே இடுப்பு கடுக்கிற நாளில் அவரை அழுத்திவிடச் சொல்லிப் பார். அந்தக் கையில் உடம்பு தளர்கிறதா, இறுகுகிறதா என்று உனக்கே தெரியும். தளர்ந்தால் அடுத்த பரிசோதனைக்கு அவரையே கூட்டிப்போ, சிஸ்டரிடம் இவர்தான் துணைக்கு என்று சொல்லிவிடு. இறுகினால் அத்தை, அண்ணி, அந்தப் பெரியம்மா மகள் என்று வேறு ஆள் பார். அவள் பட்டவள், கட்டாயம் வருவாள்.