புரோட்டீன் பவுடர் குடிச்சா வயித்துப்புண் வராதா?

பெரியப்பா: (ஃபார்வர்டு) "தினமும் 2 ஸ்கூப் புரோட்டீன் பவுடர் குடித்தால் குடலுக்குக் கவசம். வலி மாத்திரை எதுவும் செய்யாது!!"

பெரியப்பா: கவிதா, நெஜமாம்மா? முட்டிவலிக்கு மாத்திரை ஓடிக்கிட்டிருக்கு, அதான் கேக்குறேன்.

கவிதா: பாதி நெஜம் பெரியப்பா, வம்பே அதுலதான். கவசம் புரோட்டீன்தான். ஆனா குடிக்கிற பவுடர் அங்க போய் அப்பிக்காது, அமினோ அமிலமா உடைஞ்சு ரத்தத்துல சேந்துடும். கவசத்தைச் செல்லே செஞ்சு வெளிய தள்ளுது.

செந்தில்: என்ன புரோட்டீன் அது?

கவிதா: மியூசின். அதுல பல வகை: இரைப்பையில மக்5ஏசி, மக்6. குடல்ல கோப்லெட் செல் செய்யறது மக்2. 5,000க்கு மேல அமினோ அமிலம் கோத்த நீள இழை, சுத்தி சர்க்கரைச் சங்கிலி, பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி. எடையில 80 சதவீதம் சர்க்கரைதான். செல்லுக்குள்ள கால்சியம் சேத்து இறுக்கி மடிச்சிருக்கும். வெளிய வந்ததும் பைகார்பனேட்னு அமிலத்தை அடக்கற உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிடும், இழை விரிஞ்சு நூறு மடங்குக்கு மேல உப்பும். குடலை மூடியிருக்கற வழவழப்பான சளி இதுதான்.

கவிதா: பெருங்குடல்ல இது ரெண்டு அடுக்கு. வெளி அடுக்குல கிருமிங்க குடியிருக்கும், உள் அடுக்குல கிட்டத்தட்ட ஒண்ணுகூட இருக்காது. ஸ்வீடன்ல கோத்தன்பர்க் குழு 2008-ல எலியில காட்டினாங்க. மக்2 ஜீன் இல்லாத எலிக்குப் பெருங்குடல் அழற்சி தானாவே வருது.

செந்தில்: கவசம் கிழிஞ்சா?

கவிதா: அதுக்கு ட்ரெஃபாயில்னு குட்டி புரோட்டீன். டைசல்ஃபைடுங்கற கந்தகப் பிணைப்பால மூணு மடிப்பா இறுகியிருக்கும், அதனால செரிமான நொதி சுலபமா வெட்டாது. காயத்துப் பக்கத்து செல் தட்டையாகி நகர்ந்து வந்து மூட அது உதவும். சின்னக் கீறல்னா சில மணி நேரத்துல மூடிடும், புது செல் பிறக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற இடுக்கை கிளாடின், ஆக்லூடின்னு வேற புரோட்டீன்கள் அடைச்சிருக்கும்.

மாலதி அத்தை: அண்ணா, இப்ப உங்க மாத்திரைக்கு வரேன். இரைப்பைக்குள்ள பிஎச் (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் ஜாஸ்தி) 1, 2. சளிக்கு அடியில, செல்லைத் தொடற இடத்துல 7 கிட்ட. இந்த வித்தியாசம் நிக்கறது சளியில பைகார்பனேட் மாட்டியிருக்கறதால. ரெண்டையும் சுரக்கச் சொல்றது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை, புரோஸ்டாகிளாண்டினைச் செய்யற காக்ஸ்-1 நொதியை அடைச்சு அதையே குறைச்சிடுது. இரைப்பைச் சுவருக்கு ரத்த ஓட்டமும் குறையும்.

பெரியப்பா: சாப்ட்டுட்டுத்தானே போடறேன். இல்லாட்டி ஊசி போட்டுக்கறேன்?

மாலதி அத்தை: சாப்ட்டுட்டுப் போட்டா எரிச்சல் குறையும், புண் வராதுன்னு உறுதி இல்ல. ஊசியும் அப்படித்தான். மருந்து ரத்தம் வழியாப் போய்த்தான் காக்ஸ்-1ஐ அடைக்குது.

செந்தில்: ஜெலுசில்?

மாலதி அத்தை: இருக்கற அமிலத்தைக் கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரை தொடர்ந்து வேணும்னு டாக்டர் சொன்னா அமிலம் சுரக்கறதையே குறைக்கற பேன்டோப்ரசோலும் கேளுங்க. காலை டிபனுக்கு அரை மணி முன்னாடி போடணும், சாப்ட்டுட்டுப் போட்டா பலன் குறையலாம். 65 தாண்டினவங்க, ஆஸ்பிரின் போடறவங்க கட்டாயம் கேக்கணும். ஆனா அது காப்பாத்தறது இரைப்பையையும் முன்குடலையும்தான், அதுக்குக் கீழ இருக்கற சிறுகுடலை இல்ல.

கவிதா: இரைப்பையில புண் உண்டாக்கற ஹெச். பைலோரிங்கற கிருமிக்கு டெஸ்டும் ஒண்ணு பண்ணிடலாம் அத்தை. அது யூரியேஸ்ங்கற நொதியால யூரியாவை அம்மோனியா ஆக்கும், பக்கத்துல பிஎச் ஏறி சளி இளகும், அது வழியா நீந்திச் செல்லுக்குப் போயிடும். அதோட வலி மாத்திரையும் சேந்தா புண் வர வாய்ப்பு இன்னும் அதிகம்.

பெரியப்பா: அப்ப பவுடர் வேஸ்ட்டா?

கவிதா: மியூசினுக்கு த்ரியோனின்ங்கற அமினோ அமிலம் நெறைய வேணும். பருப்பு, முட்டை, மீன், தயிர்ல வந்துடும். சாப்பாடு சரியா இருந்தா அதுக்கு மேல பவுடர் போட்டு கவசம் தடிக்காது. நார்ச்சத்தை விட்டுடாதீங்க. எலியில பாத்தது, நார் கிடைக்கலன்னா குடல் கிருமிங்க சளியையே தின்ன ஆரம்பிக்குது.

மாலதி அத்தை: மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இரும்பு மாத்திரைக்கும் கறுக்கும், ஆனா தார் போல ஒட்டிக்கிட்டு நாறினா ரத்தம்னு சந்தேகப்படணும். அண்ணா, மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

பெரியப்பா: 📷

மாலதி அத்தை: இதுல டைக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 325 ரெண்டும் இருக்கு. காய்ச்சல்னு தனியா பாராசிட்டமால் போட்டா இதையும் சேத்துக் கணக்குப் பண்ணணும். ராத்திரி ஆஸ்பிரின் 75 இன்னும் ஓடுதா?

பெரியப்பா: ஓடுதும்மா.

மாலதி அத்தை: ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. வலி மாத்திரையைப் பத்தி இன்னிக்கே டாக்டருக்குப் போன் போடுங்க, ரெண்டும் சேந்து ஓடுதுன்னு சொல்லுங்க. கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா கையோட வச்சுக்கங்க, கேப்பாரு.