தேக்குப் பெயர்ப்பலகை: ஸ்க்ரோல் சாவில் ஓரம் கருகுது

கேள்வி:
ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவா வெட்டுற மெஷின்) பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுறேன். பெங்களூரு பாம்பூ பஜாரில் வாங்கிய 18 மிமீ தேக்கு. பிளேடு எண் 2, வேகம் நிமிடத்துக்கு 1500 ஸ்ட்ரோக். வளைவில் ஓரம் கருகுது. எழுத்தோட அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடப் பருத்து நிக்குது. ‘ழ’வோட சுழி உடைஞ்சே போகுது. எங்கே தப்பு?

பதில் 1:
எண் 2 மெல்லிய பிளைவுட்டுக்கு. இந்தக் கனத்துக்கு 7, இறுக்கமான வளைவுக்கு 5. வேகத்தை 900-க்குக் கொண்டுவாங்க. தேக்கில் சிலிக்கா இருக்கு, பல் சீக்கிரம் மழுங்கும். கட்டையை அழுத்தித் தள்ளணும்னு தோணினாலே பிளேடை மாத்திடுங்க. கட்டையில் ஒட்டின எழுத்து வரைபடத்து மேல பேக்கிங் டேப் ஒட்டினா கருகல் நல்லாவே குறையும்.

பதில் 2:
அடி பருக்கிறது டேபிள் பிளேடுக்குச் செங்கோணமா இல்லாததால. தடித்த வேஸ்ட் கட்டையில் 3 மிமீ ஆழம் வெட்டி, அதைப் பிளேடுக்குப் பின்னாடி சுத்திக் கொண்டுபோய் அதே வெட்டில் பொருத்திப் பாருங்க. நேரா உட்கார்ந்தா 90 டிகிரி. உட்கார்ந்தும் பருக்குதுன்னா, பிளேடு தொய்வு, இல்லை பக்கவாட்டில் அழுத்துறீங்க.

பதில் 3:
சுழி உடையறது மர ரேகைக்கு (நார் ஓடுற திசைக்கு) குறுக்கே மெலிஞ்சு நிக்கிறதால. அங்கே 5 மிமீயாவது அகலம் விடுங்க. எழுத்துக்குள்ள இருக்கிற உள்துளைகளை முதலில் வெட்டுங்க, வெளி ஓரத்தைக் கடைசியில். பிளேடு நுழைக்கத் துளை போடும்போது அடியில் வேஸ்ட் கட்டை, இல்லைன்னா பின்பக்கம் சிலும்பும். இன்னொண்ணு, மெய்யெழுத்துப் புள்ளி தனியா விழுந்துடும் (தமிழ்ப் பலகைக்கே உள்ள தொல்லை). எழுத்தோட ஒட்டியே வரைங்க. மாஸ்க் கட்டாயம், தேக்குத் தூள் அரிக்கும்.